கண்ணுக்கும் பல்லுக்கும்

ராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில், மூட்டுவலித் தைலத்துக்கும் இருமல் டானிக்குக்கும் நடுவே பல் சாமான்களுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருப்பார்கள். பல்கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட், வாய் கொப்பளிக்க ஒரு சிவப்புத் தண்ணீர், பல்செட் கழன்று விழாமலிருக்க ஒரு பவுடர். அந்த வரிசையின் ஓரத்தில் ஒரு சின்ன ட்யூப் சாய்ந்து கிடக்கும். டாக்டர் சீட்டில் அதன் பெயர் இருந்தால் கடைப்பையன் பார்க்காமலே கைநீட்டி எடுத்துப் போடுவான். “ஈறுக்குத் தடவுற ஜெல்லு. காலைல ஒருவாட்டி, நைட்டு ஒருவாட்டி.” வாங்குகிறவருக்கும் அவ்வளவு தெரிந்தால் போதும். விலையைப் பார்த்து ஒரு நொடி முகம் சுளிப்பார், பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அதே ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூர் தேரடியிலும் தலைமுறை தலைமுறையாக ஒரு பயம் உண்டு: மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். வலை பின்னும் ஆயாக்கள் தொடங்கி, துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் வரை இதைச் சொல்லித்தான் பல் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டார்கள். பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று டாக்டர்கள் எத்தனை முறை சொன்னாலும் எடுபடவில்லை. கண்ணுக்கும் பல்லுக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்று ஆயாக்கள் அடம்பிடித்தார்கள். தொடர்பு இருக்கத்தான் செய்தது. அது தொடங்கிய இடம் லண்டன். தொடங்கி வைத்தது ஒரு ஜலதோஷம்.

1921-ல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங்குக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பென்சிலின் இன்னும் ஏழு வருடம் தள்ளியிருந்த காலம். கிருமி வளர்த்திருந்த தட்டில் தன் மூக்குச்சளியையே விட்டுப் பார்த்தார். சளி பட்ட இடத்தில் கிருமிகள் கரைந்தன. கண்ணீரும் அதே வேலையைச் செய்தது. அதன்பிறகு ஆய்வகத்துப் பக்கம் வந்தவர்கள் பாடு திண்டாட்டம். எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்து பிழிந்து கண்ணீர் சேகரித்தார்கள். 1922-ல் அந்தப் பொருளை லைசோசைம் என்ற பெயரில் ஃப்ளெமிங் அறிவித்தார். ஆனால் ஆளைக் கொல்லும் கிருமிகளிடம் அது வாலாட்டவில்லை. பெரும்பாலானோர் அதை மறந்தார்கள். மறக்காதவர்களில் ஒருவர், வேலை போய் நடுத்தெருவில் நின்ற ஒரு ஜெர்மன்காரர்.

கார்ல் மேயர் 1899-ல் கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில் கெர்ப்பன் என்ற ஊரில் பிறந்தவர். யூதர். மருத்துவம் படித்துவிட்டு, போதாதென்று பெர்லினில் வேதியியலும் படித்தார். 1930-ல் அமெரிக்காவின் பெர்க்லிக்கு வேலைக்குப் போனார். இரண்டு வருடத்தில் அந்த வேலை கையைவிட்டுப் போனது. ஊர் திரும்பலாம் என்றால், அங்கே ஹிட்லர் வாசற்படியில் நின்றிருந்தார். கடைசியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் கிடைத்தது. வேதியியல்காரருக்குக் கிடைத்த நாற்காலி எந்தத் துறையில் என்பதுதான் வேடிக்கை: கண் மருத்துவத் துறையில்.

கண் துறையில் உட்கார்ந்திருக்கும் வேதியியல்காரர் எதை ஆராய்வார்? கண்ணீரில் லைசோசைம் கொட்டிக் கிடக்கிறது. அது எதையோ கரைக்கத்தானே இருக்கிறது? கண்ணுக்குள்ளேயே அதற்கு இரை ஏதாவது உண்டா? மேயர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். விழிக்குள் நிறைந்திருக்கும் கண்ணாடி மாதிரியான கூழ் அவர் கண்ணில் பட்டது. அந்தக் கூழ் கிடைக்குமிடம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: கசாப்புத்தொட்டி.

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து வரும் தலைக்கறியை விடியற்காலையில் வாங்கிச் சமைக்கிற வடசென்னைக்காரர்களுக்கு அந்தக் கூழைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கத்தி பட்டால் விழியிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். விரலில் ஒட்டினால் தண்ணீர் விட்டாலும் சட்டென்று போகாது. கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர்தான், ஆனாலும் தண்ணீர் மாதிரி ஓடாது. ஏன் ஓடவில்லை என்று அதுவரை யாரும் உருப்படியாகக் கேட்கவில்லை. மேயரும் அவருடைய உதவியாளர் ஜான் பாமரும் மாட்டுக் கண்களை வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

கூழிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை யாரும் பார்த்திராத, மிகப் பெரிய மூலக்கூறு கொண்ட ஒரு சர்க்கரைச் சங்கிலி. கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், அதிலிருந்த யூரோனிக் அமிலத்தையும் சேர்த்து ஹையலூரோனிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1934-ல் கட்டுரை வெளிவந்தது. அமிலம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. அரிக்காது, எரிக்காது, சும்மா வழவழவென்று இருக்கும். ஆனால் மேயர் தேடிய கதை என்ன ஆயிற்று? லைசோசைம் அந்தச் சங்கிலியைத் தொடக்கூட இல்லை. தேடிய பூட்டுக்கு அந்தச் சாவி பொருந்தவில்லை. அந்தப் பூட்டுக்குரிய சாவி ஏற்கெனவே அதே நியூயார்க்கில் இன்னொருவர் கையில் இருந்தது. அது சாவி என்பது அவருக்குத் தெரியாது.

அவர் பெயர் ஃபிரான்சிஸ்கோ துரான்-ரெய்னால்ஸ், கட்டலோனியாவிலிருந்து வந்தவர், ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வேலை. பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வைரஸை முயல் தோலில் குத்தினால் ஒரு சின்னப் புண் வரும். அதோடு விலங்கின் விரையை அரைத்தெடுத்த சாற்றைக் கலந்து குத்தியபோது, புண் பல மடங்கு பெரிதாகப் பரவியது. 1928-ல் அவர் அதை வெளியிட்டார். சாற்றிலிருந்த ஏதோ ஒன்று தோலுக்கு உள்ளே கதவைத் திறந்துவிட்டது. பிறகு பார்த்தால் பாம்பு விஷத்திலும் அதே சங்கதி இருந்தது. கடித்த இடத்திலிருந்து விஷம் அவ்வளவு வேகமாகப் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம். பரப்பும் பொருள் என்று பொதுவாக ஒரு பெயர் வைத்துவிட்டு எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். அது திறந்த கதவு எது என்பது தெரியப் பன்னிரண்டு வருடம் ஆனது.

இதற்கிடையில் மேயரின் பொருள் எதிர்பாராத இடங்களிலெல்லாம் தலைகாட்டியது. 1936-ல் தொப்புள்கொடிக்குள் இருக்கும் கூழில் கிடைத்தது. மறுவருடம் கிடைத்த இடம்தான் யாரையும் தூக்கிவாரிப்போட்டிருக்கும். தொண்டைப்புண்ணைத் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளில் சில வகைகள் உடம்பைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஓர் உறை போர்த்தியிருக்கும். கொலம்பியாவைச் சேர்ந்த கெண்டால், ஹைடல்பர்கர், டாசன் மூவரும் அந்த உறையைச் சோதித்தார்கள். அதற்கு எதிராக உடம்பு எந்த எதிர்ப்பையும் காட்டவில்லை. காட்டாததற்குக் காரணம், அந்த உறை மாட்டுக் கண்ணில் கிடைத்த அதே ஹையலூரோனிக் அமிலம். போலீஸ் உடுப்பைத் திருடிப் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குள்ளேயே நுழைகிற திருடன் மாதிரி, கிருமி நம் உடம்பின் துணியையே போர்த்திக்கொண்டு உள்ளே வந்திருந்தது. இந்தத் திருட்டு உடுப்பைப் பின்னாளில் கிலோ கணக்கில் விற்பார்கள் என்று சொல்லியிருந்தால் அன்று சிரித்திருப்பார்கள்.

1940-ல் ஆக்ஸ்ஃபோர்டில் எர்ன்ஸ்ட் செயினும் அவருடைய கூட்டாளி டதியும் அந்தப் பழைய முடிச்சை அவிழ்த்தார்கள். செயினும் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்தான். பென்சிலின் வேலையிலும் அவர் மும்முரமாக இருந்த வருடம் அது. முயல் தோலில் புண்ணைப் பரப்பிய பொருளும், மேயரின் சங்கிலியை வெட்டுகிற ஒரு நொதியும் ஒன்றே என்று அவர்கள் காட்டினார்கள். ஹையலூரோனிடேஸ் என்பது அதன் பெயர். தோலுக்கடியில், செல்களுக்கு நடுவே இந்தக் கூழ்தான் நிரம்பி நிற்கிறது. கூழை வெட்டினால் வழி திறக்கும். வழி திறந்தால் விஷமோ கிருமியோ ஓடும். வாய்க்குள் ஈறின் இடுக்கில் குடியிருக்கும் கிருமிகளில் சிலவும் இதே கத்தியை வைத்திருந்தன. அதைப் பற்றி அன்று எந்தப் பல் டாக்டரும் கவலைப்படவில்லை. அடுத்து இந்தப் பொருளைக் கையில் எடுத்தவர் யோசித்ததோ, பேக்கரியைப் பற்றி.

எந்த்ரே பாலாஷ் 1920-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். யுத்த நடுவில், 1942-ல், கேக் பிஸ்கட்டுகளில் முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதிலாக ஹையலூரோனிக் அமிலத்தைச் சேர்க்கலாம் என்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடித்தால் நுரைக்கிற, ஈரம் பிடித்து வைக்கிற எதையும் யுத்தக்காலப் பேக்கரிக்காரர் வேண்டாம் என்பாரா? ஆனால் அந்தக் கேக் பொங்கவில்லை. பாலாஷ் 1947-ல் ஸ்டாக்ஹோமுக்கும், 1951-ல் அங்கிருந்து பாஸ்டனுக்கும் போனார். ஊர் மாறியது, நாடு மாறியது, பொருளை மட்டும் விடவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் அது மலிவாக, ஏராளமாகக் கிடைக்கிற ஓர் இடம். மாட்டுக் கண்ணிலும் தொப்புள்கொடியிலும் எவ்வளவுதான் கிடைக்கும்?

பதில் எல்லாக் கோழிக்கடை வாசலிலும் குப்பையில் கிடந்தது. 1949-ல் நார்மன் போவாஸ் என்பவர் சேவலின் கொண்டையில் இந்தப் பொருள் மண்டிக் கிடப்பதைக் கண்டார். சண்டைச் சேவல் வளர்க்கிறவர்களுக்குக் கொண்டையின் கனம் பழக்கமானது. சிவப்பாக, தடித்து, தொட்டால் ஜெல்லி மாதிரி ஆடும். அந்த விறைப்பைத் தருவது உள்ளே தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் ஹையலூரோனிக் அமிலம். பெட்டைக் கோழிக்கு அது அவ்வளவு இல்லை. காசிமேட்டு மார்க்கெட்டில் கோழி வெட்டுகிறவர் ஒரே வீச்சில் தூக்கி எறிகிற கொண்டை, பாஸ்டனில் கிராம் கணக்கில் நிறுத்து வைக்கிற சரக்காயிற்று. அப்போதும் அந்தப் பொருள் உண்மையில் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியவில்லை.

அது தெரிந்தது 1954-ல். மேயரும் பெர்னார்ட் வைஸ்மனும் சங்கிலியின் கண்ணிகளை முழுசாக வரைந்தார்கள்: இரண்டே சர்க்கரைகள், மாற்றி மாற்றி, ஆயிரக்கணக்கில். இருபது வருட உழைப்பின் விடை இவ்வளவு எளிமையாக இருந்தது. அந்த வருடம் சென்னைக்காரர்களுக்கு வேறொரு காரணத்துக்காகவும் நினைவிருக்க வேண்டும். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பை இழுத்துக் கட்டுகிற கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954-ல் ‘நேச்சர்’ இதழில் சொன்னார்கள். மூன்று புரி முறுக்கிய கயிற்றைக் காசிமேட்டில் விசைப்படகு கட்டுகிற பையன்கூட அறிவான். உடம்புக்குள்ளும் அதே முறுக்குத்தான் என்பது உலகத்துக்குப் புதுச்செய்தி. ஈறு என்கிற சமாசாரமே இந்த இரண்டும் சேர்ந்ததுதான்: பல்லை எலும்போடு இழுத்துக் கட்டுகிற கொலாஜன் கயிறு, கயிறுகளுக்கு நடுவே அடைத்து நிற்கிற ஹையலூரோனிக் கூழ். கயிற்றின் முறுக்கைச் சென்னையிலும், கூழின் கண்ணியை நியூயார்க்கிலும் ஒரே வருடத்தில் பிரித்துப் படித்துவிட்டார்கள். இரண்டையும் ஈறில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஏனென்றால் எல்லார் கண்ணும் கண்ணிலேயே இருந்தது. விழிக்கூழ் வற்றிப்போனவர்களுக்கு இதை ஊசியில் ஏற்றினால் என்ன என்று பாலாஷ் நினைத்தார். ஏற்றினால் கண் சிவந்து வீங்கியது. பொருள் உடம்புக்குச் சொந்தமானதுதான், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கோழிப் புரதமும் இன்ன பிற அழுக்கும்தான் வில்லன். அதைச் சுத்தம் செய்வதிலேயே வருடங்கள் கரைந்தன. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அவர் தேர்ந்தெடுத்த சோதனைக்களம், முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும் ஆந்தைக் குரங்கு. அந்தக் கண்ணில் ஏற்றி, சிவக்கவில்லை என்றால்தான் தேர்ச்சி. வீக்கம் தராத பகுதி என்றே அந்தச் சரக்குக்குப் பெயர். அது கடைசியில் தயாரானபோது முதலில் பெயர் வாங்கியது கண்ணிலா என்றால், இல்லை, ரேஸ் மைதானத்தில்.

மூட்டுக்குள் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொடுக்கும் நீரிலும் இதே பொருள்தான். 1970-ல் பாலாஷும் அவருடைய கூட்டாளிகளும், மூட்டு வீங்கி நொண்டிய பந்தயக் குதிரைகளுக்கு இதை ஊசி போட்ட அனுபவத்தை வெளியிட்டார்கள். குதிரை நொண்டாமல் நடந்தால் முதலாளி கணக்குப் பார்க்க மாட்டார். சுத்தம் செய்த அந்தச் சரக்குக்கு 1979-ல் பாலாஷுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஸ்வீடனின் பார்மாசியா நிறுவனம் 1980-ல் ‘ஹீலான்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்புரை அறுவையின்போது விழியின் முன்னறை குழைந்து விழாமல் அது மெத்தை மாதிரி தாங்கியது; ஒருமுறை போனால் மீண்டும் முளைக்காத கருவிழியின் உள்வரிசைச் செல்களையும் காத்தது. மாட்டுக் கண்ணில் பிறந்தது 46 வருடம் சுற்றிவிட்டு மனிதக் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அதன் விலை முடியவிடவில்லை.

ஒரு துளிக்கே அவ்வளவு விலை என்றால் நம் ஊர்க் கண் முகாம்களுக்கு அது கட்டுப்படியாகாது. இந்தியாவில் பெரும்பாலான அறுவைகளில் செல்லுலோஸிலிருந்து செய்த ஹெச்.பி.எம்.சி. என்ற மலிவான கூழை வைத்துச் சமாளித்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் அதைக் குறைந்த விலையில் தயாரித்தது. சேவல் கொண்டையை நம்பியிருக்கும்வரை ஹையலூரோனிக் அமிலம் பணக்காரச் சரக்காகத்தான் இருந்திருக்கும். கோழிப்புரத ஒவ்வாமை இருப்பவர்களுக்கு வேறு பயம். அப்போதுதான் யாரோ அந்த 1937-ம் வருடத்துத் திருடனை நினைத்துக்கொண்டார்கள்.

உடம்பின் துணியைப் போர்த்திக்கொண்டு திரிகிற கிருமி, அந்தத் துணியைத் தானே நெய்துகொள்கிறது. அப்படியானால் அதைத் தொட்டியில் வளர்த்து, சர்க்கரைத் தீனி போட்டு, நெய்ததை உருவிக்கொண்டால் என்ன? 1980-களில் ஜப்பானில் அழகுசாதனக் கம்பெனியான ஷிசெய்டோ இந்த வழியில் இறங்கியது. பயன்பட்டது குதிரைகளின் உடம்பில் சாதாரணமாகத் தங்கும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை. குதிரை முழங்காலுக்குப் போன மருந்தைக் குதிரையின் கிருமியே தயாரிக்க ஆரம்பித்தது. சேவல்கள் மூச்சுவிட்டன. விலை இறங்கியது. முகக் க்ரீமுக்குள் போயிற்று, கண் சொட்டு மருந்துக்குள் போயிற்று, சுருக்கம் நிரப்பும் ஊசிக்குள் போயிற்று. வாய்க்குள் போக வேண்டியது மட்டும்தான் பாக்கி.

வாய்க்குள் நடப்பது என்ன என்பதை இந்நேரம் பல் டாக்டர்கள் ஓரளவு புரிந்துகொண்டிருந்தார்கள். பல்லோரம் படிகிற அழுக்கு இறுகிக் காரையாகும். காரைக்கடியில் கிருமி குடியேறும். ஈறு வீங்கும், பல் தேய்த்தால் ரத்தம் வரும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை மாதிரி இடுக்கு விழும். வடசென்னையில் இதற்கு இன்றும் பழைய பெயர்தான்: பயோரியா. மாவாவும் ஹான்ஸும் அடக்குகிறவர்களுக்கும் பீடி பிடிக்கிறவர்களுக்கும் இதில் ஒரு வஞ்சனை காத்திருக்கும். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ரத்தம் வருவது குறையும். ரத்தம் வரவில்லை, அதனால் ஈறு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் பல் ஆடும்.

அந்த இடுக்குக்குள் ஹையலூரோனிக் கூழுக்கு நேர்ந்த கதி இன்னும் சுவாரசியமானது. கிருமியின் கத்தியும், வீக்கத்தில் உடம்பே கிளப்பிவிடும் ரசாயனங்களும் சேர்ந்து நீளச் சங்கிலியைத் துண்டுபோட்டன. சங்கிலி முழுசாக இருந்தால் வீக்கத்தை அமர்த்தும். துண்டு துண்டானால் அந்தத் துண்டுகளே ஆபத்து ஆபத்து என்று கூவி இன்னும் வீக்கத்தைக் கூட்டும். முழு ஆளாக இருந்தவரை பஞ்சாயத்து பேசியவர், அடிபட்டதும் கலகக்காரராகிவிட்ட மாதிரி. மனித உடம்பில் மொத்தம் சுமார் 15 கிராம் இருக்கிற இந்தப் பொருளில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் கரைந்து புதிதாக உருவாகிறது. ஈறில் கரைவது அதிகமாகி, உருவாவது குறைந்துபோனால், வெளியிலிருந்து முழுச் சங்கிலியைக் கொண்டுபோய் வைத்தால் என்ன? இத்தாலியின் மிலான் நகரத்து ரிசர்ஃபார்மா என்ற நிறுவனம் அதைச் செய்து பார்த்தது.

‘ஜெஞ்சிஜெல்’ என்று பெயர். வீட்டில் தடவ 0.2 சதவீதம்; டாக்டர் இடுக்குக்குள் வைக்க 0.8 சதவீதம். நம்பலாமா என்ற கேள்வி உடனே கிளம்பியது. 2003-ல் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் ஈறு வீக்கம் உள்ள 50 ஆண்களிடம் 0.2 சதவீத ஜெல்லைச் சோதித்து, வீக்கம் குறைவதைக் கண்டார்கள். கொண்டாட்டம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2004-ல் பான் நகரத்திலிருந்து வந்த ஆய்வு, ஆழமான இடுக்குகளில் காரையைச் சுரண்டிவிட்டு ஜெல் வைத்த பக்கத்துக்கும், வெறுமனே சுரண்டிவிட்ட பக்கத்துக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றது.

அதன்பிறகு வந்த ஆய்வுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தன. இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு இந்த ஜெல் ஒரு செல்லப் பொருளாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் இருபது பேர், முப்பது பேர். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர்கள் சொன்னது அடக்கமான ஒரு தீர்ப்பு. காரையைச் சுரண்டிய பிறகு ஜெல்லும் வைத்தால் ரத்தக்கசிவும் இடுக்கின் ஆழமும் கொஞ்சம் கூடுதலாகக் குறையலாம். ஆய்வுகள் சின்னவை, ஒன்றோடொன்று ஒத்தும் போகவில்லை. சுரண்டாமல் ஜெல்லை மட்டும் தடவுவது, கப்பல் அடியில் ஒட்டிய சிப்பியைச் செதுக்காமல் மேலே பெயிண்ட் அடிக்கிற வேலை. இது என் உவமை. துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தால் வேறு உவமை வராது. விளம்பரக்காரர்கள் இந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். துணைக்கு வருகிற மருந்து என்பதே அதன் சரியான இடம். துணைக்கு வருவதற்கும் ஒரு முதல் ஆள் தேவை. அந்த முதல் ஆளை, காரையைச் சுரண்டும் பல் டாக்டரைத்தான், வடசென்னை நம்பவில்லை.

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1953-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது அது. எண்ணூரிலும் கத்திவாக்கத்திலும் ரயிலேறினால் இறங்கி நடந்துபோகிற தூரம். வந்தவர்களில் பலர் பல் ஆட ஆரம்பித்த பிறகே வந்தார்கள். க்ளீனிங் செய்தால் பல் லூசாகிவிடும் என்ற நம்பிக்கையும் ஊரில் உண்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வருடக்கணக்காகப் பல்லுக்குப் பல் சிமெண்ட் போட்டது மாதிரி காரைதான் பிடித்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும், கயிறு எப்போதோ அறுந்துபோன பல் தன் உண்மையான ஆட்டத்தைக் காட்டும். பழி க்ளீனிங்கின் மேல் விழும். இந்த இரண்டு பயங்களையும் கையில் பிடித்துக்கொண்டுதான் என் அத்தை ஒருநாள் பல் டாக்டரின் நாற்காலியில் ஏறினார்.

மேற்கு மாதா கோயில் தெருப் பக்கம் ஒரு சின்ன க்ளினிக். அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. காசிமேட்டில் முப்பது வருடம் கருவாடு விற்றவர். துணைக்கு நான் போயிருந்தேன். இரண்டு நாளாகப் பிரித்துப் பிரித்துக் காரையைச் சுரண்டி முடித்திருந்தார்கள். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் ஆடியது. பிடுங்க வேண்டாம், இடுக்கை ஆற வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். சின்ன வயசுப் பெண். முனை மழுங்கிய ஊசி பொருத்திய சின்ன சிரிஞ்சை எடுத்தார். உள்ளே நிறமில்லாத ஜெல். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி மினுங்கியது.

அத்தை வாயைச் சட்டென்று மூடிக்கொண்டார்.

“இன்னாமா அது, மருந்தா?”

“ஆமாம்மா. ஈறு சீக்கிரம் ஆறறதுக்கு. வலிக்காது. வீட்டுல தடவிக்க ட்யூப்பும் எழுதித் தரேன்.”

“மேல்பல்லாச்சே. கண்ணுக்கு ஒண்ணியும் ஆவாதே?”

டாக்டர் சிரித்துவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதே பதிலைச் சொல்கிறாரோ தெரியாது. “கண்ணுக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லம்மா” என்று சொல்லிக்கொண்டே, ஊசிமுனையை ஈறின் இடுக்கில் வைத்து மெல்ல அழுத்தினார்.